பக்கத்தில் நடப்பவள்

ஓசூர்
9 ஜூன் 2024

அண்ணனுக்கு,

தமிழ்மணி எழுதுகிறேன். என் நம்பரை நீங்கள் போனில் அடைத்து வைத்திருப்பதால் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழிக்காமல் இதுவரை படித்திருந்தால் அதுவே எனக்குப் பெரிது.

எனக்குத் தலையில் ஒன்று இருக்கிறது அண்ணா. ரோஜா பேக்கிங் வேலையில் குளிர் அறைக்குள் போய் வந்தால் பின்மண்டை வலிக்கும். சளி என்று விட்டுவிட்டேன். கம்பெனி டாக்டர்தான் பிடித்துத் தள்ளி ஸ்கேன் எடுக்க வைத்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓரிடத்தில் சுவர் மெலிந்து, பயறு அளவுக்குப் புடைத்து நிற்கிறதாம். சைக்கிள் டியூபில் நைந்த இடம் முட்டிக்கொண்டு வருமே, அது மாதிரி. அனியூரிசம் என்கிறார்கள். சிலருக்கு ஆயுசு முழுக்க அப்படியே இருக்குமாம். சிலருக்கு வெடிக்குமாம்.

படத்தைப் பார்த்துக்கொண்டே பெங்களூர் டாக்டர் கேட்டார்: "உங்க வீட்டுல யாராவது திடீர்னு தலைவலி வந்து இறந்திருக்காங்களா?" காரிமங்கலம் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் அப்பா சைக்கிளோடு சாய்ந்ததைச் சொன்னேன். அக்காவைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கூடப் பிறந்தவர் யார் இருந்தாலும் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, தினம் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பிரின். தலைவலி என்று அக்கா உட்கார்ந்தபோது நான் என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேனே, அது. தங்கம்மா அக்காவை எடுத்த அன்று, அவ்வளவு கூட்டத்தில், "நீ குடுத்த மாத்திரதான்டி அவளக் கொன்னுச்சு" என்றீர்களே, அதேதான். 

என் மேல் உள்ள கோபம் இருக்கட்டும். தர்மபுரி போய் தலையை ஒரு படம் எடுங்கள். பிரஷர் பாருங்கள். பீடியை விடுங்கள்.

தமிழ்மணி

*

பென்னாகரம்
20 ஜூன்

தமிழுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்து. காலையில் தலை வலிக்கிறது என்றவள் மாத்திரை போட்டாள். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி ஓரம் விழுந்தாள். நடுவில் வேறு எதுவும் நடக்கவில்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை அது என்று மெடிக்கல் கடைக்காரரே என்னிடம் சொன்னார். நைந்துபோன டியூபுக்குள் இளகின ரத்தத்தை ஓடவிட்டால் என்ன ஆகும்? இது தெரிய டாக்டருக்குப் படிக்க வேண்டுமா? உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் நீ சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை.

எனக்கு ஸ்கேன் வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கிறது. இடது கண் இமை மட்டும் கொஞ்ச நாளாகக் கனக்கிறது. கடலைக் கொல்லையில் தூசி.

அக்காவைப் பற்றி வெளியாட்களிடம் செத்தவளைப் பேசுவது போலப் பேசிக்கொண்டிருக்காதே. அவள் இங்கேதான் இருக்கிறாள்.

ராஜாமணி

*

ஓசூர்
1 ஜூலை

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன். பயந்துபோய்த்தான். அப்புறம் நிறுத்தியதும் பயமாக இருந்தது. படுத்தால் தலைக்குள் பயறு முளைவிடுகிற மாதிரி ஒரு நினைப்பு. லீவு போட்டுவிட்டு டாக்டரிடமே போய், என் அக்கா கதையைச் சொல்லி, என் அண்ணன் இப்படிக் கேட்கிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார்.

புடைத்த இடம் சும்மா புடைத்து நிற்பதில்லையாம். அந்தச் சுவருக்குள் ஒரு புண் மாதிரி அழற்சி இருந்துகொண்டே இருக்குமாம். அதுதான் சுவரை அரித்து மெலிய வைக்கிறது என்று நினைக்கிறார்கள். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும், அது உண்மை. அதோடு அழற்சியையும் தணிக்கும். அந்த மாத்திரையைத் தொடர்ந்து எடுத்துவந்தவர்களுக்குப் புடைப்பு பெரிதாவதும் வெடிப்பதும் குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகளில் தெரிகிறதாம். "ஆனா இன்னும் முடிஞ்ச விஷயம் இல்லம்மா. எல்லாருக்கும் குடுக்க மாட்டேன். உங்களுக்கு யோசிச்சுத்தான் குடுத்திருக்கேன்" என்றார். மறுபடி ஆரம்பித்துவிட்டேன். அவர் நிச்சயம் என்று சொல்லியிருந்தால்கூட நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

அக்கா இங்கேதான் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை என் வீட்டுக்காரரிடம்கூட நான் காட்டவில்லை. என்ன அர்த்தத்தில் எழுதினீர்கள்?

தமிழ்மணி

*

பென்னாகரம்
13 ஜூலை

தமிழுக்கு,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன். யாருக்கும் சொல்லாதே. உன் அண்ணி குள்ளம்மாளிடமும் சொல்லாதே, எங்கள் மகள் பிரியாவிடமும் சொல்லாதே.

வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். குள்ளம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் வந்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி வந்தாள். அதே நடை. இவள் கோலைத் தூக்கினால் அவளும் தூக்கினாள். இவளைவிடக் கொஞ்சம் உயரத்தில் வந்தாள். கால் தரையில் படவில்லை. யாரோ பக்கத்துக் கொல்லைக்காரி என்று நினைத்து, "கூட யாரு?" என்றேன். குள்ளம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரு? நாந்தான் வரேன்" என்றாள். அப்போது அந்த இன்னொருத்தியும் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் ஊதாப்பூப் புடவை. முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் எனக்கு அக்காவைத் தெரியாதா?

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். அவள் மட்டுமில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. புளியமரத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம். கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோபுரம். ஆட்டை எண்ணினால் கணக்கு வருவதில்லை, செத்த ஆடும் சேர்ந்து மேய்கிறது. நம் ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரு கை உயரத்தில், இன்னொரு ஊர் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது தமிழு. நமக்குத்தான் இத்தனை நாளாகத் தெரியவில்லை. செத்தவர்கள் எங்கேயும் போவதில்லை.

முதலில் பயந்தேன். இப்போது பயமில்லை. துண்டால் ஒரு கண்ணைப் பொத்தினால் அவள் போய்விடுகிறாள். அதனால் நான் பொத்துவதில்லை. முகம் துடைக்கும்போதுகூட மெதுவாகத் துடைக்கிறேன்.

ராஜாமணி

*

பென்னாகரம் பஸ் ஸ்டாண்ட்
18 ஜூலை, வியாழன்

அண்ணனுக்கு,

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை உங்களிடம் கொண்டு வருவது வாடகைக் கார் ஓட்டுகிற வீரமணி. அவர் வண்டி நம் வீட்டு வாசலில் நிற்கும்.

உங்கள் கடிதம் நேற்று ராத்திரிதான் என் கைக்கு வந்தது. படித்த கையோடு டாக்டருக்குப் போன் செய்து அப்படியே வாசித்துக் காட்டினேன். யாருக்கும் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள், சொல்லிவிட்டேன். "இமை கனமா இருக்குன்னாரா? ஒரு கண்ண மூடினா ரெண்டாவது உருவம் போயிடுதுன்னாரா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு சொன்னார்: "நாளைக்குன்னு வெக்காதீங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

அண்ணா, கண்ணை அசைக்கிற நரம்புக்குப் பக்கத்தில் அந்தக் குழாய் ஓடுகிறதாம். அது புடைத்து நரம்பை அழுத்தினால் இமை தொங்கும், கண் ஒரு பக்கம் விலகும். இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் ஒன்று இரண்டாகத் தெரியும். மரம், கோபுரம், ஆடு எல்லாமே அதனால்தான். புடைப்பு பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்.

ஊதாப்பூப் புடவையை அண்ணிதான் கட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா போன பிறகு அவள் புடவைகளை வீட்டு வேலைக்கும் ஆடு மேய்க்கவும் உடுத்துகிறார். நேற்று போனில் கேட்டேன். அழுதுவிட்டார். "என்னெப் பாத்துப் பேசறதே இல்ல தமிழு. என் பக்கத்துல பாத்துத்தான் பேசறாரு. தட்டக் குடுத்தா எனக்குப் பக்கத்துல கைய நீட்டறாரு. பயமா இருக்குது" என்றார்.

அது அக்கா இல்லை. வண்டியில் ஏறுங்கள்.

தமிழ்மணி

*

18 ஜூலை

தமிழுக்கு,

வீரமணி நிற்கிறான், அதனால் சுருக்கமாக.

உன் நம்பரை ஏன் அடைத்தேன் என்று உனக்குத் தெரியாது. கோபத்தினால் மட்டும் இல்லை. காரியம் முடிந்து ஒரு வாரத்தில் நீ போன் செய்தாய். "சாப்பிட்டீங்களா" என்றாய். அது அக்கா குரல். நீங்கள் இரண்டு பேரும் ஒரே குரல், அவள் இருந்தவரை நான் கவனித்ததில்லை. என்னால் கேட்க முடியவில்லை.

தாலி அறுத்து வந்தவளை நான்தான் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஒரே வூட்டில் ஒரே அடுப்பில். போன பிறகு இரண்டு வருஷம் இந்த வூடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறாள். நீ ஒரு தரம் அவளை அனுப்பினாய். இன்னொரு தரம் அனுப்ப என் கையாலேயே கண்ணைக் கட்டச் சொல்கிறாய்.

நான் வரவில்லை. ஓசூருக்குப் போ.

ராஜாமணி

*

பென்னாகரம்
2 செப்டம்பர்

தமிழுக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

சேலம் ஆஸ்பத்திரியில் நீ இருந்த நாளெல்லாம் நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது.

அன்று வீரமணியைத் திருப்பி அனுப்பிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். தலைக்குள் இடது பக்கம் யாரோ விரல் வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. அப்போது வேலிப்படல் பக்கம் இருந்து, "ராசா" என்று குரல். திரும்பினேன். படலுக்கு அருகில் நீ நின்றாய், பின்னால் வீரமணியின் வண்டி. உன் பக்கத்தில், கொஞ்சம் மேலே, இன்னொருத்தி நின்றாள். இரண்டு பேர் வாயும் சேர்ந்து அசைந்தது. "வண்டில ஏறு ராசா. நானும் கூட வரேன்." அக்கா சொல்லி நான் எதையும் தட்டியதில்லை. ஏறினேன்.

வண்டியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவளும் இருந்தாள். இண்டூர் தாண்டியதும் நான் துண்டை எடுத்து நானாகவே கண்ணைக் கட்டிக்கொண்டேன். பார்த்துக்கொண்டே போனால் அந்த ஆஸ்பத்திரிக் கதவில் திரும்பிவிடுவேன் என்று தெரிந்தது.

தொடை வழியாகக் கம்பி விட்டு, புடைப்புக்குள் மெல்லிய சுருளை அடைத்து, குழாய்க்குள் ஒரு வலையும் வைத்திருக்கிறார்கள். கிழிய இருந்தது, கொஞ்சம் தாமதித்திருந்தால் பேச்சே இல்லை என்றார்கள். மறுநாள் நர்ஸம்மா மாத்திரை கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தது. "என்ன மாத்திரைங்க?" என்றேன். "ஆஸ்பிரின். வலையில ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு. இனிமே தெனமும் போடணும்." கையில் இரண்டு மாத்திரை தெரிந்தது. எது நிஜம் என்று தெரியாமல் தடவிப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் திட்டிய மாத்திரை. வாயில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் எழுது. ஒன்று: அக்காவை அந்த மாத்திரை கொன்றதா, இல்லையா? இரண்டு: பிறந்ததிலிருந்து நீ என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். அன்று ஏன் அக்கா கூப்பிடுகிற மாதிரி ராசா என்றாய்?

ராஜாமணி

*

ஓசூர்
15 செப்டம்பர்

அண்ணனுக்கு,

முதல் கேள்வியை நான் உங்களுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா அன்று காலை அரிசி புடைத்துக்கொண்டே இருந்தவள் முறத்தைப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்தாள். வாந்தி எடுத்தாள். மண்டையில் இடி விழுந்த மாதிரி என்றாள். அப்படித் திடீரென்று வருகிற வலி, பெரும்பாலும், குழாய் ஏற்கெனவே கசியத் தொடங்கிவிட்டதற்கு அடையாளமாம். அப்படியானால் அதைத் தொடங்கி வைத்தது மாத்திரை இல்லை. மாத்திரை அதற்குப் பிறகுதான் போனது. ஆனால் கசிகிற நேரத்தில் அந்த மாத்திரை நல்லதில்லை. அது சாவை முன்னால் இழுத்ததா, இழுக்கவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். "தெரியலம்மா. தெரியும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க" என்றார். அவளை உடனே தர்மபுரிக்குத் தூக்கிப் போயிருக்க வேண்டும். நம் யாருக்கும் அது தெரியவில்லை.

கொன்றது என்றும் என்னால் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை அண்ணா. இந்தத் தெரியாததோடுதான் நான் தினமும் காலையில் அதைப் போட்டுக்கொள்கிறேன். போன வாரம் மறுபடி படம் எடுத்தார்கள். பயறு வளரவில்லை. மாத்திரையாலா என்று கேட்டேன். அதையும் தெரியாது என்றுதான் சொன்னார்.

இரண்டாவது கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் உங்களை அன்று ராசா என்று கூப்பிடவே இல்லை. அண்ணா என்றேன். அதுவும் ஒரே ஒரு தடவை. பிறகு படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியில் ஏறு என்று நான் சொல்லவில்லை. நீங்களாக எழுந்து வந்தீர்கள். நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அண்ணி பக்கத்தில்தான் இருந்தார், கேட்டுப் பாருங்கள். தலைக்குள் அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது காதும் ஏமாறும் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

பிரியாவுக்குப் பத்தொன்பது ஆகிறது. அவளையும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பயமுறுத்தாமல் கூட்டிப் போங்கள்.

தமிழ்மணி

*

பென்னாகரம்
2 பிப்ரவரி 2025

தமிழுக்கு,

நாலு மாதமாக எழுதவில்லை. கோபம் இல்லை. கண் சரியாகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் சரியாவது என்றால் என்ன தெரியுமா? அவள் குள்ளம்மாளை நெருங்கி வந்தாள். ஐப்பசியில் கையெட்டும் தூரத்தில் நடந்தாள். கார்த்திகையில் தோளும் தோளும் உரசியது. உயரமும் இறங்கி, கால் ஏறக்குறைய தரையைத் தொட்டது. இமை தூக்கத் தூக்க அவள் கிட்டே வந்தாள். டாக்டர் ஒவ்வொரு தரமும் "நல்ல முன்னேற்றம்" என்றார். நான் தலையாட்டினேன். வேண்டுமென்றால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது. குள்ளம்மாளை நினைத்து விழுங்கினேன்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம். குள்ளம்மாள் களத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். புளி ஓட்டைப் பொறுக்கக் குனிந்தபோது இரண்டு பேராக இருந்தார்கள். நிமிர்ந்தபோது ஒருத்தி. நான் எழுந்து போய் அவள் எதிரே நின்றேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் குள்ளம்மாள் முகத்தை நேராகப் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தாள். "உனக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றேன். கையிரண்டையும் தேய்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க. திடீர்னு குளுருது" என்றாள்.

அவளிடம் அன்று நீ என்னை எப்படிக் கூப்பிட்டாய் என்றும் கேட்டேன். அண்ணா என்றுதான் என்றாள். அதோடு விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். எனக்குத் தைரியம் வரும்போது நானே கூப்பிடுகிறேன்.

பிரியாவைப் போன வியாழக்கிழமை சேலம் கூட்டிப் போனேன். உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த மெஷின் அடிக்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பிரியா வந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் பக்கத்தைப் பார்த்தேன். "யாரப்பா தேடறீங்க?" என்றாள். "யாரையும் இல்ல" என்றேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்றார். சில வருஷம் கழித்து இன்னொரு தரம் பார்த்தால் போதுமாம். அங்கேயே அவர் காலைத் தொடப் போய்விட்டேன், தடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் பாதி காலி. பிரியா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். அவளுக்குப் பக்கத்து சீட்டும் என் கண்ணுக்குக் காலியாகத்தான் தெரிந்தது. கண்டக்டர், "ஒக்காருங்க பெரியவரே, எடம் இருக்குதே" என்று சொல்லிப் பார்த்தார். தொப்பூர் தாண்டும் வரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன்.

ராஜாமணி